அமிகா 1200: வன்தட்டின் சிலிண்டர், ஹெட் எண்களை அமைக்கும் முறை

1992இல் வெளிவந்த கமடோர் அமிகா 1200 கணினிக்குள் 2.5 அங்குல ஐடிஇ வன்தட்டுக்கு இடம் உண்டு. இன்று பலர் அங்கே காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டையையே செருகுகிறார்கள். அட்டையில் சுழலும் தட்டே கிடையாது. ஆனாலும் சிலிண்டர் (தட்டுகளில் ஒரே தூரத்தில் உள்ள டிராக்குகளின் தொகுதி) எத்தனை, ஹெட் (படித்தெழுதும் முனை) எத்தனை, ஒரு டிராக்கில் (தட்டின் ஒரு வட்டப் பாதையில்) பிளாக் (தரவின் சிறு துண்டு) எத்தனை என்று, வன்தட்டை அமைக்கும் அமிகா மென்பொருளான எச்டிடூல்பாக்ஸ் கேட்கத்தான் செய்யும். இந்த எண்களின் பெருக்குத்தொகை அட்டையின் கொள்ளளவைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

அமிகாவின் இயங்குதளமான வொர்க்பெஞ்ச் 3.1இன் இன்ஸ்டால் வட்டைக் கொண்டு கணினியை இயக்கி, எச்டிடூல்பாக்ஸைத் திறந்து, 'சேஞ்ச் டிரைவ் டைப்', 'டிஃபைன் நியூ', 'ரீட் கான்ஃபிகரேஷன்' என வரிசையாக அழுத்தினால், அட்டை தன்னைப் பற்றிச் சொல்லும் எண்கள் கட்டங்களில் நிரம்பும். அவற்றை அப்படியே நம்பிவிடாமல் ஒருமுறை பெருக்கிப் பார்ப்பது நல்லது. 16 ஹெட், டிராக்குக்கு 63 பிளாக் என்றால் ஒரு சிலிண்டருக்கு 1008 பிளாக். பிளாக் ஒன்றுக்கு 512 பைட் வீதம் 5,16,096 பைட். நானூறு கோடி பைட் கொண்ட அட்டைக்கு ஏறத்தாழ 7750 சிலிண்டர் வரும். எண்ணைத் திருத்தினால் ஒவ்வொரு கட்டத்திலும் ரிட்டர்ன் விசையை அழுத்த வேண்டும்; இல்லையேல் பழைய எண்ணே நிற்கும். ரைட் பிரீகாம்ப், ஹெட் நிறுத்துமிடம் போன்றவை பழங்கால வட்டுகளுக்கானவை, தொட வேண்டாம்.

மேற்சொன்ன கணக்கில் 8321ஆம் சிலிண்டரோடு 4 ஜிபி (இங்கே 4,29,49,67,296 பைட்) எல்லை முடிகிறது. அதற்கு அப்பால் பகிர்வு (பார்டிஷன்) அமைத்தால், 3.1இன் வட்டு இயக்கி முகவரியைச் சுருட்டிக்கொண்டு தொடக்கப் பகுதியின் மேலேயே எழுதிவிடக்கூடும் என்பதால், 4 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையை இதில் தவிர்ப்பதே என் பரிந்துரை.

அடுத்து 'பார்டிஷன் டிரைவ்' திரையில், 2 முதல் 1001 வரையான சிலிண்டர்களை டிஎச்0 என்ற பெயரில் ஒதுக்கி, கணினி தொடங்கும் பகிர்வு என்பதற்கு 'பூட்டபிள்' என்று குறித்தால் ஏறத்தாழ 492 எம்பி கிடைக்கும். 'சேஞ்ச் ஃபைல் சிஸ்டம்' திரையில் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் (ஒரே தடவையில் கேட்கும் அதிகபட்சத் தரவு) கட்டத்தில் 130560 பைட்டுக்குரிய பதினாறடிமான எண்ணை, அதாவது பூஜ்யம், எக்ஸ், 1, எஃப், இ, 0, 0 என்ற வரிசையில் இட வேண்டும். இது 255 செக்டார், அதாவது 512 பைட் கொண்ட 255 பிளாக். ஒரே மூச்சில் 256 செக்டார் கேட்டால் சில வட்டுகள் தடுமாறும்.

இறுதியாக 'சேவ் சேஞ்சஸ் டு டிரைவ்' அழுத்தினால்தான் அனைத்தும் வட்டின் தொடக்கத்தில் பதிவாகும். பகிர்வுகளின் எல்லைகளும் சிலிண்டர் எண்களாகவே அங்கே எழுதப்படுவதால், பின்னாளில் ஹெட் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் எல்லைகள் இடம்பெயர்ந்து கோப்புகள் கைக்கு எட்டாமல் போகும். கணினியை மறுபடி தொடங்கி டிஎச்0ஐ ஃபார்மட் செய்யும்போது, 'ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம்' தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு 'குவிக் ஃபார்மட்' கொடுக்கவும்.