நாலு பேர் கூடி ஒரு ஃபோக் பாடகரைக் கேட்பது எப்படி

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் ஆறு பேர் கூடி நிக் டிரேக் என்ற ஆங்கில ஃபோக் பாடகரைக் கேட்பதாக ஏற்பாடு. நான்தான் கூட்டினேன், நான்தான் கெடுத்தேன். பாட்டைப் போடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் அவருடைய கதையைச் சொல்லிவிட்டேன்: மூன்றே ஆல்பம், எதுவும் விற்கவில்லை, மேடை என்றால் பயம், மன அழுத்தம், 1974 நவம்பரில் மாத்திரை அளவுக்கு மீறி 26 வயதில் மரணம். அப்புறம் பாட்டைப் போட்டால் எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். கித்தாரில் அந்த விரல்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது ஆல்பத்தில் ‘புவர் பாய்’ என்று ஒரு பாட்டு உண்டு, தன்மேல் தானே பரிதாபப்பட்டுக்கொள்கிற ஆளைப் பின்னால் பாடுகிற பெண்கள் கிண்டலடிப்பார்கள். அதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை.

அதனால் தானே எழுதித் தானே பாடுகிற இந்த ஃபோக் ஆட்களைக் கூடிக் கேட்க வேண்டும், பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: வாழ்க்கையைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் பாட்டு, அப்புறம் மெட்டு, அப்புறம் கித்தார் வாசிக்கிற கை, அதற்கப்புறம்தான் ஆள்.

ஏற்பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. நாலிலிருந்து ஆறு பேர் போதும், அதற்கு மேல் போனால் கச்சேரி ஆகிவிடும். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பாடகர், ஒரு ஆல்பம், வந்த வரிசையிலேயே. பொறுக்கி எடுத்த தொகுப்பு வேண்டாம், கலைத்துப் போடவும் வேண்டாம். போனை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்துச் சத்தம் கூட்டுகிற வித்தை இங்கே எடுபடாது, ஒற்றைக் கித்தாரும் ஒரு குரலும் மட்டும் இருக்கிற இசைக்கு ஓரளவு நல்ல ஸ்பீக்கர் வேண்டும். பாட்டுச் செயலியில் இலவசக் கணக்கில் போடுவதாக இருந்தால் நடுவில் சோப்பு விளம்பரம் வரும், அதைத் தவிர்க்க யாராவது பணம் கட்டிய கணக்கை வைத்திருக்கிறாரா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

ஆரம்பத்துக்கு டிரேக்கின் மூன்றாவது ஆல்பம் ‘பிங்க் மூன்’ மாதிரி தோதானது இல்லை. 11 பாட்டு, மொத்தம் 28 நிமிஷம். 1971 அக்டோபரில் லண்டனில் இரண்டே இரவில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் கூட இருக்க முடித்தது. முதல் பாட்டில் கொஞ்சம் பியானோ, மற்றபடி கித்தாரும் குரலும்தான். ஒரு தடவை முழுக்கக் கேட்டு, டீ குடித்து, திரும்பவும் கேட்டாலும் இருட்டுவதற்குள் முடிந்துவிடும்.

முதல் தடவை பேசக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது, பாட்டு வரிகளும் கையில் இருக்கக் கூடாது. ஆங்கிலம் புரியாமல் போனால் போகட்டும். இரண்டாம் தடவைதான் வரிகளை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்க ஃபோக் பாடகர் பாப் டிலான் முழுங்கிப் பாடுவது ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே பாதி புரியாது, நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரிக்கு வரி தமிழாக்கம் செய்கிற வேலையில் மட்டும் இறங்காதீர்கள், அது ஸ்கூல் நோட்ஸ் ஆகிவிடும். ஒவ்வொரு பாட்டையும் ஒருவர் எடுத்துக்கொண்டு, இதில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், என்ன நடந்தது என்று தன் பேச்சில் சொல்லட்டும். இந்தக் கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் பாதிச் சண்டை இதில்தான் வரும், ஏனென்றால் பாட்டில் வருகிற ‘நான்’ பாடகர்தான் என்று எடுத்த எடுப்பில் எல்லாரும் நம்பிவிடுவார்கள்.

அது பல சமயம் தப்பு. பழைய ஆங்கில, ஸ்காட்டியக் கதைப்பாடல்களில் ‘லார்ட் ராண்டல்’ என்று ஒன்று. அம்மா கேட்கிறாள், மகன் பதில் சொல்கிறான்: எங்கே போனாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டே போனால், காதலி விஷம் வைத்துவிட்டாள் என்பது மெல்ல மெல்ல வெளியே வரும். ஹார்வர்ட் பேராசிரியர் ஃபிரான்சிஸ் சைல்ட் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த 305 கதைப்பாடல்களில் இதுவும் இருக்கிறது. டிலான் 1962-இல் எழுதிய ‘எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கானா ஃபால்’ என்ற கனமழைப் பாட்டு இதே கேள்வி-பதில் கட்டுமானத்தில் அமைந்ததுதான். அதில் வருகிற ‘நான்’ டிலான் இல்லை, எத்தனையோ தலைமுறையாக அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற மகன்.

சரி, மெட்டு. இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. தெருவில் மலிவாக விற்ற அந்தக் காலக் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள், பாட்டுக்கு மேலே ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று போட்டிருக்கும். தெரிந்த மெட்டில் புது வார்த்தை, அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. அமெரிக்க ஃபோக்கும் அப்படித்தான், மேலே எழுதிப் போடுவதில்லை, அவ்வளவுதான். டிலானுக்கு முந்தைய தலைமுறைப் பாடகர் உட்டி கத்ரி 1940-இல் எழுதிய ‘இந்த நாடு உன் நாடு’ (‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’) பாட்டின் மெட்டு, கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழு பாடிய ஒரு பக்திப் பாட்டிலிருந்து வந்தது. டிலானின் ‘காற்றில் இருக்கிறது பதில்’ (‘ப்ளோயிங் இன் த விண்ட்’) பாட்டுக்கு மூலம், அடிமைகளை ஏலம் போட்ட காலத்துக் கறுப்பினப் பாட்டு. ஆகவே கூட்டத்தில் ஒருவருக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்: மூலப் பாட்டைத் தேடிக் கொண்டுவர வேண்டும், இரண்டையும் அடுத்தடுத்துப் போட வேண்டும், எது மாறியது என்று எல்லாரும் சொல்ல வேண்டும். ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் பழைய இசைத்தட்டுகளோடு வந்த குறிப்பேடுகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், யார் யாரிடம் கற்றார் என்பது அவற்றில் நிறையக் கிடைக்கும்.

இந்தப் பேச்சு எப்படியும் ‘அப்போ இது திருட்டு இல்லையா?’ என்ற இடத்துக்கு வரும். வரட்டும். வந்ததும் எலிசபெத் காட்டனைப் போடுங்கள்.

வட கரோலைனாவில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த கறுப்பினப் பெண். இடது கைக்காரர், வலது கைக்காரர்களின் கித்தாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். அதனால் நாம் கட்டைவிரலால் அடிக்கிற கனத்த தந்திகளை அவர் விரல்களால் அடிப்பார், மெல்லிய தந்திகளில் மெட்டு கட்டைவிரலில் வரும். கூட்ஸ் வண்டியைப் பற்றிய ‘ஃபிரெய்ட் ட்ரெயின்’ பாட்டைச் சிறுமியாக இருந்தபோதே கட்டினார். அப்புறம் கல்யாணம், பிள்ளை, சர்ச், வீட்டு வேலை. பல பத்து வருஷம் கித்தாரையே தொடவில்லை. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, தொலைந்துபோய் நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார். அந்தப் பெண்தான் பின்னால் ஃபோக் பாடகரான பெக்கி சீகர். இசை ஆராய்ச்சியே தொழிலாக இருந்த அந்தக் குடும்பத்தில் சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் சேர்ந்து, சுவரில் மாட்டியிருந்த கித்தாரை எடுத்து ஒரு நாள் வாசித்தார். 1958-இல் முதல் இசைத்தட்டு வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

பெக்கி வளர்ந்து இங்கிலாந்து போனபோது அந்தக் கூட்ஸ் வண்டிப் பாட்டையும் கொண்டுபோனார். அங்கே அதைக் கேட்ட வேறு இரண்டு பேர் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள், 1957-இல் அது பிரிட்டனில் பெரிய ஹிட். காட்டன் தன் பெயரைச் சேர்க்க வழக்கு வரைக்கும் போக வேண்டியிருந்தது. கத்ரியும் டிலானும் எடுத்துக்கொண்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் மாடியில் இந்த ஒரு கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் போனது. உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரை அழித்துவிட்டு ராயல்டி வாங்கினால் திருட்டு என்பது என் கட்சி, ஆனால் அடிமைகளின் பாட்டை எழுதியவரின் பெயரை ஏற்கனவே வேறு யாரோ அழித்துவிட்டார்களே என்று ஒருவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது கை. கூட்டத்தில் கித்தார் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கனடாப் பாடகி ஜோனி மிட்சலுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானது. வழக்கமான சுருதியில் வைத்துச் சில கார்டுகளை, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற பிடிகளை, பிடிக்கச் சிரமம், அதனால் தந்திகளையே வேறு வேறு சுருதிக்கு இறக்கி, ஏற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்யூனிங் வைத்துக்கொண்டார். சும்மா மீட்டினாலே ஒரு நிறம் வரும்படி சுருதி கூட்டி வைத்துவிட்டால் இடது கைக்கு வேலை குறைவு. தம்புராவோடு பழகிய காதுக்கு இதில் ஒரு சொந்தம் தெரியும். கித்தார்காரரைச் சாதாரணச் சுருதியில் ஒரு பாட்டை வாசிக்கச் சொல்லி, அப்புறம் சுருதியை மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். விளக்கமே தேவைப்படாது. கித்தார்காரர் யாரும் இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தள்ளிவிடலாம், வாயால் விளக்கினால் அறுவைதான்.

இப்போது வாழ்க்கைக்கு வரலாம். சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே மிட்சலின் 1971 ஆல்பம் ‘ப்ளூ’வில் ‘லிட்டில் கிரீன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வந்த வருஷம் ஒரு விமர்சகர் இது ஒன்றுமே விளங்கவில்லை என்று எழுதினார். 1965-இல் பிறந்து, வளர்க்க வழியில்லாமல் தத்துக் கொடுத்துவிட்ட மகளைப் பற்றிய பாட்டு அது. அம்மாவும் மகளும் 1997-இல்தான் திரும்பச் சந்தித்தார்கள். இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டைப் பழையபடி கேட்க முடியாது. அதனால்தான் முதல் தடவை தெரியாமல் கேளுங்கள் என்கிறேன், அந்தக் கேட்பு இரண்டாம் தடவை கிடைக்காது.

சொல்லும்போது மூன்றைப் பிரித்து வையுங்கள்: பதிவாக இருப்பது, பாடகர் தானே சொன்னது, ரசிகர்கள் ஊதிப் பெரிதாக்கியது. இரண்டாவதை ரொம்ப நம்பாதீர்கள். டிலான் ஆரம்பத்தில், வீட்டை விட்டு ஓடித் திருவிழாக் கூட்டத்தோடு ஊர் சுற்றினேன் என்றெல்லாம் பத்திரிகைக்காரர்களிடம் அளந்துவிட்டார். உண்மையில் மினசோட்டாவின் ஹிப்பிங் ஊரில், மின்சாதனக் கடை வைத்திருந்தவரின் மகன். மூன்றாவதற்கு உதாரணம் 1965 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் ஃபோக் விழா. டிலான் எலெக்ட்ரிக் கித்தாரோடு ஏறினார், கூச்சல் எழுந்தது, மூத்த ஃபோக் பாடகர் பீட் சீகர் கோடரியைத் தூக்கிக்கொண்டு வயரை வெட்டப் போனார் என்பது கதை. கையில் கோடரி இருந்தால் வெட்டியிருப்பேன் என்று அவர் சொன்னதுதான் நடந்தது, அதுவும் வார்த்தை ஒன்றும் காதில் விழவில்லை என்ற ஆத்திரத்தில் சொன்னதாகப் பின்னால் விளக்கினார். அதே எலெக்ட்ரிக் கோபத்தில் ஒருவர் டிலானைப் பார்த்து ‘யூதாஸ்’, அதாவது துரோகி, என்று கத்திய 1966 மே 17 கச்சேரிப் பதிவு பல வருஷம் ‘ராயல் ஆல்பர்ட் ஹால்’ என்ற பெயரில் கள்ளத்தனமாகச் சுற்றியது, நடந்தது மான்செஸ்டரில்.

டிலான் குரல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்கிற வாதத்தைச் சீக்கிரம் முடிக்க ஒரே வழி, அவர் பாட்டு ஒன்றைப் பாடகி ஜோன் பயஸ் பாடியதையும் டிலானே பாடியதையும் அடுத்தடுத்துப் போடுவதுதான். வெறுக்கிறவர் மாற மாட்டார், ஆனால் எதை வெறுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லத் தொடங்குவார்.

சாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் நிதானம் வேண்டும். டிரேக்கின் மரணத்தைத் தற்கொலை என்று விசாரணை அதிகாரி பதிந்தார், தெரிந்தவர்களிலேயே சிலர் அதை ஏற்கவில்லை. பாட்டு வரியைக் காட்டி ‘பார், முன்னாலேயே சொல்லிவிட்டார்’ என்று தீர்ப்பு எழுதுவது நம் வேலை இல்லை. கானி கான்வர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் விஷயமும் அப்படி. 1950-களில் நண்பர்கள் வீட்டில் ஒலிநாடாவில் பாடி வைத்தார், 1974-இல் கடிதங்கள் எழுதி வைத்துவிட்டுக் காரில் கிளம்பிப் போனவர் போனவர்தான், பாட்டுகள் ஆல்பமாக வந்தது 2009-இல். அவரைப் பேச எடுத்தால் கூட்டம் மொத்தமும் துப்பறிய உட்கார்ந்துவிடும். பத்து நிமிஷம் விடுங்கள், அப்புறம் பாட்டைப் போட்டுவிடுங்கள்.

போன மாதம் டிரேக்கை மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை ‘பிங்க் மூன்’ மட்டும், கதை இல்லாமல், இரண்டு முறை. கித்தார் பற்றி நிறையப் பேச்சு. கடைசியில், இவர் பிறந்தது 1948-இல் ரங்கூனில், அப்பா அங்கே பம்பாய் பர்மா கம்பெனியில் வேலை பார்த்தவர் என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த நண்பர் நிமிர்ந்தார். அவருடைய தாத்தா ரங்கூனில் கடைக் கணக்குப்பிள்ளை, 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர். டிரேக்கின் அம்மா மாலியும் அதே வருஷம் பர்மாவை விட்டு வந்து டெல்லியில் தங்கினார், சகோதரியோடு சேர்ந்து அகில இந்திய வானொலியில் பாடினார் என்று சொன்னேன். ‘அந்த அம்மா பாடினது ஏதாவது இருக்கா?’ என்று கேட்டார். இருக்கிறது, 1950-களில் வீட்டில் பியானோ வாசித்துப் பாடியதைக் கணவர் பதிந்து வைத்தது, 2013-இல் வெளிவந்தது. டீ தீர்ந்துவிட்டது, கொசு வேறு, இருந்தாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. அதையும் போட்டோம்.