சமூக அறிவியல் பாடத்தில் கவிதை: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடம் முடிந்ததும் "இதைப் பத்தி ஒரு கவிதை எழுதிட்டு வாங்க" என்று எட்டாம் வகுப்பை அனுப்பிவைத்தால், மறுநாள் நாற்பது நோட்டிலும் ஏறக்குறைய ஒரே கவிதைதான் இருக்கும். தியாகம், வீரம், ரத்தம், வெற்றி, கடைசியில் ஒரு 'வாழ்க'. பிள்ளைகளுக்கு எழுத வராததால் இப்படி ஆவதில்லை. எழுதுவதற்கு அவர்கள் கையில் எதையும் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம்.

சமூக அறிவியல் பீரியடில் எழுதும் கவிதைக்கு ஒரே ஒரு கட்டாயம் போதும். எந்த வரியைத் தொட்டு "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாலும் எழுதியவரிடம் பதில் இருக்க வேண்டும். கீழே வரும் தவறுகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்வியைத் தப்பவிடுபவைதான்.

உணர்ச்சியிலிருந்து தொடங்குவது

இதுதான் அடிக்கடி நடப்பது, அதிகம் கெடுப்பதும் இதுவே. மருந்து நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று அடுக்கு சொல்லியிருக்கிறார்கள். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அங்குள்ள உயிர்கள், தொழில், உணவு, கருவிகள். உரி என்பது மனத்தில் நிகழ்வது. ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்து இந்தத் தலைப்புகளைப் போடச் சொல்லுங்கள். உரிப் பத்தியைக் கடைசி வரை காலியாக விட வேண்டும்.

வட சென்னையின் எண்ணூர் கழிமுகத்தை எடுத்துக்கொள்வோம். முதல்: கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம், 2023 டிசம்பர், மிக்ஜாம் புயலுக்குப் பின். கரு: இறால், நண்டு, அலையாத்தி மரம், வலை, படகு, தண்ணீர் மேல் படிந்த கறுப்பு எண்ணெய், அனல்மின் நிலையச் சாம்பல். கருப் பத்தியில் கையால் தொடக்கூடிய பத்துப் பெயர்ச்சொற்களாவது சேர்ந்த பிறகே எழுதத் தொடங்கலாம். 'இயற்கையே அழுகிறது' என்று எழுத வந்த பிள்ளை, பத்தியில் வலையைப் பார்த்ததும் 'எண்ணெய் ஊறின வலையை எதால கழுவுறது?' என்று எழுதும். அந்த ஒரு வரியிலிருந்து பொருளாதாரம், சூழலியல், இழப்பீடு எல்லாவற்றையும் பேச முடியும்.

மூலத்துக்குப் பாடநூல் பத்தி ஒன்றோ செய்தி ஒன்றோ, அரைப் பக்கம் போதும். நாலு பேருக்கு ஒரு நகல். முதல் பீரியடில் பத்து நிமிடம் படிப்பு, மீதி நேரம் பத்திகளை நிரப்புவது. மறு பீரியடில் இருபது நிமிடம் எழுத்து, பதினைந்து நிமிடம் சரிபார்ப்பு. எட்டு முதல் பன்னிரண்டு வரி. ஒரே பீரியடில் முடிக்கப் பார்த்தால் சரிபார்ப்புதான் அடிபடும்.

இயைபைக் கட்டாயமாக்குவது

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டது. துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. வரி முடிவுகள் ஒலி ஒத்து வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டால், 'எம்டன் பறந்தது, ஊரே இறந்தது' என்று ஒரு கவிதை வந்து நிற்கும். கப்பல் விமானமாகிவிட்டது, எரிந்த தொட்டிகள் அழிந்த ஊராகிவிட்டன. ஓசை வேண்டும் என்றால் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வரச் செய்யுங்கள். அதற்காக உண்மையை வளைக்க வேண்டியதில்லை.

கானா கட்டத் தெரிந்த பிள்ளை வட சென்னை வகுப்புகளில் நிச்சயம் இருக்கும். தடுக்காதீர்கள். சாவு வீட்டில் இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லிப் பாடும் பாட்டுக்கு வரலாறு புதிதல்ல. ஆனால் மெட்டு முதலில் வந்தால், அதன் அளவுக்குச் சொல்லை வெட்டி நிரப்புவதிலேயே விஷயம் போய்விடும். ஆண்டும் இடமும் பெயரும் உள்ள வரிகளை முதலில் சாதாரணமாக எழுதி முடிக்கட்டும், மெட்டு அப்புறம்.

ஒற்றைக் குரல்

பெரம்பூர் பின்னி துணி ஆலைகளின் கதை வட சென்னையில் எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1921-இல் நீண்ட வேலைநிறுத்தம், ஆகஸ்ட் 29-இல் துப்பாக்கிச் சூடு. 'நீ ஒரு தொழிலாளி, எழுது' என்றால் எல்லாரும் கொடி பிடித்தவராகவே எழுதுவார்கள். ஆனால் அந்த ஆண்டு ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம் நடந்தது, குடிசைகள் எரிந்தன. வறுமையும் சாதியும் சங்கத் தலைமை மீதான அவநம்பிக்கையும் அதில் பின்னிக் கிடந்தன. இதை விட்டுவிட்டு எழுதும் கவிதை பாதி வரலாறு.

தாளின் இடப்பக்கம் ஒரு குரல், வலப்பக்கம் இன்னொரு குரல், இருவரும் ஒன்றாகச் சொல்லக்கூடிய வரி நடுவில். இப்படி:

சங்கு ஊதுது. நான் போகலை.
சங்கு ஊதுது. நான் போறேன்.
வீட்டுல அரிசி இல்லை.

மூன்றாவது வரி நடுவில் வரும். இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று பார்த்துக் குரலைப் பிரித்துக் கொடுப்பது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஒவ்வொருவரும் இரண்டு குரலையும் எழுத வேண்டும். அதேபோல, மீனவர் வீட்டுப் பிள்ளையை எழுப்பி "உங்க வீட்டுல நடந்ததை எழுது" என்று எல்லார் முன்னாலும் கேட்பதும் கூடாது. அவர்களாக எழுதினால் அது வேறு.

திருத்தும்போது

'குந்து', 'இன்னா', 'வலிச்சிக்கினு' என்ற சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு போடுவது குரலையே அழித்துவிடும். ஒரு தொழிலாளி பேசுவதாக எழுதும்போது பேச்சுத் தமிழ்தான் பொருத்தம்.

அழகுக்கு மதிப்பெண் போட்டால் தமிழில் கெட்டிக்காரர்கள் மட்டும் வாங்குவார்கள். பத்து மதிப்பெண்ணில் ஐந்தைத் தகவலுக்கு வையுங்கள். மூன்று, யாருடைய பார்வை என்பது தெளிவாக இருப்பதற்கு. மொழிக்கு இரண்டு போதும்.

சரிபார்ப்பைப் பிள்ளைகளே செய்யலாம். பக்கத்தில் இருப்பவர் கவிதையை வாங்கி, மூலத்தில் ஆதாரம் உள்ள வரிக்குப் பேனாவாலும் ஊகமான வரிக்குப் பென்சிலாலும் அடிக்கோடு போடுவார். மேலே உள்ள கவிதையில் சங்கு ஊதியது கொடுத்த மூலத்தில் இல்லையென்றால் அது பென்சில் கோடு. ஊகம் குற்றமில்லை, ஊகம் என்று தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். எல்லாமே பென்சில் கோடாக இருந்தால் கருப் பத்திக்குத் திரும்ப வேண்டும். எல்லாமே பேனாக் கோடாக இருந்தால் பாடநூல் வரியை வெட்டி அடுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அவர்களிடம் "இதை யார் சொல்றாங்க, எங்க நின்னு சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, முதல் இரண்டு வரியைத் திரும்ப எழுதச் சொன்னால் போதும்.