சாய்ந்த கோபுரத்தின் மாடிகளை எண்ணாதீர்கள்: புதிய நடைச்சுற்றுலா வழிகாட்டிகளுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் தெலுக் இந்தான் நகரில் சாய்ந்த கோபுரத்தடியில் ஓர் இளைஞர் பத்துப் பேரை நிறுத்திவைத்து, "எட்டு மாடிக் கட்டடம்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. பல வருடங்களுக்கு முன் அதே இடத்தில் அதையே முழங்கியவன் நான். குடை, தண்ணீர், செருப்பு பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு நாள் வெயிலே கற்றுத்தந்துவிடும். புதிய வழிகாட்டிகள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

உள்ளே போகாமல் வெளியே பேசுவது

1885இல் லியோங் சூன் சோங் என்ற ஒப்பந்தக்காரர் கட்டிய கோபுரம் அது. உயரம் 25.5 மீட்டர். வெளியே கூரை அடுக்குகளைப் பார்த்தால் எட்டு மாடி போலத் தெரியும். உள்ளே மூன்றே தளம், கூடவே ஊருக்குத் தண்ணீர் சேமித்த தொட்டி. இளகிய மண்ணும் அந்தத் தண்ணீரின் பாரமும் சேர்ந்துதான் கோபுரத்தைச் சாய்த்தன. சாய்ந்த கதையை உள்ளேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

நானோ உள்ளே போகாமலே ஒரு வருடம் ஒப்பித்தேன். ஒரு பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்த அன்று ஒரு சிறுமி கேட்டாள்: "சார், எட்டு மாடியிலும் யார் இருந்தார்கள்?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "வெள்ளைக்கார அதிகாரிகள்" என்று அளந்துவிட்டேன். பேத்தியோடு வந்திருந்த, தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "தம்பி, உள்ளே மூன்று தட்டுதான். தண்ணீருக்குள்ளேயா அதிகாரி குடியிருந்தார்?" ஆசிரியைக்கும் அது கேட்டுவிட்டது. அந்தப் பள்ளி அப்புறம் என்னை அழைக்கவே இல்லை. வருமானம் போனதைக்கூட மறந்துவிட்டேன். சம்பள நாளில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவன், ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்க்கவில்லையே என்பதுதான் இன்னும் எரிச்சலூட்டுகிறது.

சாய்வைக் காட்டுவதற்கும் அடியில் நிற்காதீர்கள். தள்ளி நின்று, நேரான விளக்குக் கம்பம் ஒன்றைக் கோபுரத்தின் ஓரத்தோடு ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே போகப் போக இரண்டுக்கும் நடுவே வானம் விரியும்.

ஐந்தடியிலேயே நடத்திச் செல்வது

ஐந்தடி என்பது கடைவீடுகளின் முன்னே கூரையோடு ஓடும் நடைபாதை. அதன் நிழல் சுகம்தான். இப்படி ஒரு நடைபாதை வேண்டும் என்று 1822இல் சிங்கப்பூருக்கு ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த விதியை அங்கே நின்றே சொல்லலாம். ஆனால் மேல்மாடி ஜன்னல் கதவுகளும் சுதை வேலையும் அங்கிருந்து தெரியாது. சாலையைக் கடந்து நில்லுங்கள்.

முகப்பில் பொறித்த ஆண்டை நம்புவது

முகப்பை மட்டும் மாற்றிய ஆண்டாகவும் இருக்கலாம்.

பழைய பெயரைத் திருத்துவது

1982இல்தான் தெலுக் ஆன்சன், தெலுக் இந்தான் ஆனது. தோட்டத்துப் பாட்டி "ஆன்சன்" என்றால் விட்டுவிடுங்கள். "இந்தக் கடையில் அப்போது என்ன விற்றார்கள், பாட்டி?" என்று கேளுங்கள். இப்போது கைப்பேசி விற்கும் ஒரு கடையைக் காட்டி, பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் கத்தியை அங்கேதான் வாங்கியதாக ஒருவர் என்னிடம் சொன்னார். பிடியின் தடிமனைக்கூட விரலில் காட்டினார்.