ஒரே ஆங்கிலம், ஊருக்கு ஒரு உச்சரிப்பு: காதைப் பழக்கும் முறை

சில வருடங்களுக்கு முன் மசாலாப் பொருட்களை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் போனில் ஆர்டர் எடுக்கும் வேலையில் இருந்தேன். நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து ஒரு கடைக்காரர் பேசினார். மிளகாய்த்தூள் கேட்டார், ‘டென் பாக்ஸஸ்’. என் காதில் விழுந்தது ‘டின் பாக்ஸஸ்’. தகர டப்பாவில் வேண்டுமாம் என்று எழுதிக்கொண்டு, எத்தனை டப்பா என்று கேட்டு மெயில் அனுப்பினேன். பத்துப் பெட்டி என்று போனிலேயே சொன்னேனே என்று பதில் வந்தது. அதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது, அந்த வாரச் சரக்கோடு அவருடையது போகவில்லை.

அவர் சரியாகத்தான் பேசினார். அவர் ஊரில் ‘டென்’ அப்படித்தான் ஒலிக்கும். அது எனக்குத் தெரியாமல் போனதுதான் சிக்கல். அதன்பிறகு உட்கார்ந்து பழகிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டு அழைப்புகளை எடுப்பவர்கள், படிக்கப் போகிறவர்கள், சப்டைட்டில் இல்லாமல் படம் பார்க்க நினைப்பவர்கள், யாருக்கும் உதவும்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கம் பழத்தைப் ‘பளம்’ என்று சொல்பவர், மழையை ‘மள’ என்றும் வாழையை ‘வாள’ என்றும்தான் சொல்வார். மூன்றையும் தனித்தனியாக நாம் மனப்பாடம் செய்வதில்லை. ழ அங்கே ள ஆகிறது என்று ஒருமுறை தெரிந்தால் போதும், மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். ஆங்கிலமும் அப்படியே. ஒரு ஒலி மாறினால் அந்த ஒலி உள்ள சொற்களெல்லாம் கூட்டமாக மாறும். அதனால் சொல்லைத் துரத்தாமல் ஒலியைப் பிடிப்போம்.

படி 1: எல்லோரும் வாசித்த ஒரே பத்தி

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் ‘ஸ்பீச் அக்சென்ட் ஆர்க்கைவ்’ என்ற இணையதளத்தை நடத்துகிறது. இலவசம். உலகின் பல மூலைகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே பத்தியை வாசித்த ஒலிப்பதிவுகள் அதில் இருக்கின்றன. ஸ்டெல்லா என்ற பெண்ணைக் கூப்பிட்டு, கடையிலிருந்து சில பொருட்களை வாங்கி வரச் சொல்லும் 69 சொல் பத்தி அது. வாசகம் மாறாததால் வித்தியாசம் முழுக்க உச்சரிப்பில்தான் இருக்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு ஹெட்போன், ஒரு நோட்டு போதும். நோட்டில் அந்தப் பத்தியிலுள்ள இந்தச் சொற்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: ஸ்டோர், ஆஸ்க், பிரதர், பாப், சிக்ஸ், ரெட், பேக்ஸ், திக், டிரெய்ன். பிறகு லண்டன், வட இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, அயர்லாந்தின் டப்ளின், நியூயார்க், சிட்னி, ஆக்லாந்து என்று ஊருக்கு ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள். காதில் விழுவதைத் தமிழ் எழுத்தில் அப்படியே குறியுங்கள். சரியான உச்சரிப்பு எது என்ற யோசனையே வேண்டாம்.

படி 2: ஸ்டோர், கடைசி ர் கேட்கிறதா?

முதலில் இதைக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியே ஆங்கில உலகத்தை இரண்டாகப் பிரித்துவிடும்.

லண்டன்காரர் வாசித்தால் ‘ஸ்டோ’ என்று ஓ நீண்டு அப்படியே நின்றுவிடும். பெரும்பாலான அமெரிக்காவிலும் கனடாவிலும் கடைசியில் நாக்கு பின்னால் சுருண்டு ர் தெளிவாகக் கேட்கும். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும்கூட ர் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்தின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் ர் விழுந்துவிடும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பழைய ர் இன்னும் கேட்கும். அமெரிக்காவில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வயதானவர்கள் சிலர் ர் விட்டுப் பேசுவார்கள்.

எந்த இடத்து ர் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். ‘ரெட்’ என்ற சொல்லின் ர் எங்கும் விழாது. உயிரொலிக்குப் பின் வந்து, அடுத்து உயிரொலி இல்லாத ர் மட்டும்தான் விழும். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் விழுந்த ர் எழுந்து வந்துவிடும்: ‘ஃபார் அவே’ என்பதில் லண்டன்காரரும் ர் சொல்வார். அந்தப் பழக்கத்தில், ர் எழுத்தே இல்லாத இடத்திலும் ஒன்று முளைக்கும். ‘லா அண்ட் ஆர்டர்’ என்பது ‘லோரண்டோட’ போல வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நமக்கு உடம்படுமெய் மாதிரி அவர்களுக்கு அந்த ர்.

ர் சொல்வது உயர்வா, விடுவது உயர்வா? இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. 1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். சாக்ஸ் பணக்காரர்களின் கடை, மேசிஸ் நடுத்தரம், கிளெய்ன் மலிவு விலைக் கடை. நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளர்களிடம் கேட்பார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். காதில் விழாதது போல மறுபடி கேட்பார். இம்முறை அழுத்தமாகச் சொல்வார்கள். நகர்ந்து போய் ர் வந்ததா இல்லையா என்று குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர். சாக்ஸில் ர் அதிகம், கிளெய்னில் மிகக் குறைவு. நியூயார்க்கில் ர் சொல்வது அந்தஸ்து. அதே காலத்தில் லண்டனில் ர் விடுவதுதான் அந்தஸ்து. ஒலிக்கு மரியாதை கொடுப்பது அந்த ஊர் மனிதர்கள்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

படி 3: ஆஸ்க்

இதற்கு முன் ஒரு ஒலியைப் பழகிக்கொள்ளுங்கள். பேங்க், பேக், கேஸ் அடுப்பு என்று நாம் ஏ போட்டு எழுதும் ஒலி உண்மையில் ஏ இல்லை. ஆ சொல்ல வாயைத் திறந்து, நாக்கை முன்பக்கம் தள்ளினால் வருவது அது.

அமெரிக்கர் அந்த ஒலியை வைத்து ‘ஏஸ்க்’ என்பது போலச் சொல்வார். லண்டன்காரர் நீட்டி ‘ஆஸ்க்’. மான்செஸ்டர், லீட்ஸ் பக்கம் போனால் குறிலாக ‘அஸ்க்’ என்பதற்கு அருகில் வரும். குளியலுக்குச் சொல்லும் ‘பாத்’, புல்லுக்குச் சொல்லும் ‘கிராஸ்’, சிரிப்புக்கான ‘லாஃப்’ எல்லாம் இதே கூட்டம். ஒன்று மாறினால் மற்றவையும் மாறும். ஆனால் பூனைக்குச் சொல்லும் ‘கேட்’ இந்தக் கூட்டத்தில் இல்லை. அதை லண்டனிலும் நீட்ட மாட்டார்கள்.

இங்கிலாந்துக்குள் நீட்டும் ஊர்களையும் குறிலாகச் சொல்லும் ஊர்களையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்பதைத் தேடிப் போனவர்களும் இருக்கிறார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களுக்கு ஆட்கள் போய், பெரும்பாலும் கிராமத்துப் பெரியவர்களிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டு எழுதி வந்தார்கள். இன்றைக்கும் இங்கிலாந்தின் வட்டாரப் பேச்சைப் பற்றிப் பேசுபவர்கள் அதிலிருந்து வந்த வரைபடங்களைத்தான் முதலில் விரிக்கிறார்கள்.

படி 4: பிரதர்

நாம் ‘பஸ்’ என்பதை வட இங்கிலாந்துக்காரர் ‘புஸ்’ என்பார். ‘கப்’ அங்கே ‘குப்’, ‘லவ்’ அங்கே ‘லுவ்’, ‘பிரதர்’ ‘ப்ருத’. அ இருக்க வேண்டிய இடத்தில் உ கேட்டால் நேராக வட இங்கிலாந்து என்று எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தப்பாது. டப்ளினின் பழைய பகுதிகளிலும் இது உண்டு.

படி 5: பாப், அதாவது டாக்டரா டொக்டரா

இந்த வித்தியாசம் தமிழர் காதுக்கு மிக எளிது. தமிழ்நாட்டில் டாக்டர், ஆபிஸ், காலேஜ் என்று எழுதுகிறோம். யாழ்ப்பாணத்தில் டொக்டர், ஒபிஸ், கொலிஜ். பத்தியில் வரும் பாப் என்ற ஆள் பெயரை அமெரிக்கர் உதட்டைக் குவிக்காமல் ‘பாப்’ என்பார், நம் டாக்டர் மாதிரி. இங்கிலாந்துக்காரர் உதட்டைக் குவித்துக் குறிலாக ‘பொப்’ என்பார், டொக்டர் மாதிரி. பத்தியில் வரும் ‘ஃப்ராக்’ என்ற தவளையிலும் இதையே கேட்கலாம்.

படி 6: ட் என்ன ஆகிறது?

இதற்கு மட்டும் ‘வாட்டர்’ என்ற சொல்லைத் தனியாகக் கேளுங்கள். யூக்லிஷ் என்ற தளத்தில் சொல்லைத் தட்டி, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று நாட்டையும் தேர்ந்தெடுத்தால், யூடியூப் வீடியோக்களில் அந்தச் சொல் வரும் இடங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டும்.

அமெரிக்கரின் ‘வாட்டர்’ பலருக்கு ‘வாடர்’ என்று கேட்கிறது. ஆனால் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: நாக்கு மேல் ஈறை ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்குகிறது. ‘மரம்’ என்று சொல்லும்போது நம் ர செய்வதும் அதேதான். ‘வாரர்’ என்று தமிழ் ர போட்டுச் சொல்லுங்கள், அமெரிக்க உச்சரிப்புக்குப் பக்கத்தில் போய்விடுவீர்கள். ‘பெட்டர்’, ‘சிட்டி’ எல்லாம் இப்படியே.

லண்டனின் சாதாரணப் பேச்சில் ட் காணாமலே போகும். ‘வோ’ என்று தொடங்கி, தொண்டை ஒரு கணம் அடைத்து, ‘அ’ என்று முடியும். கனமான மூட்டையைத் தூக்கும்போது மூச்சு தொண்டையில் நிற்குமே, அந்த அடைப்புதான் அங்கே ட். கிளாஸ்கோவிலும் இதைக் கேட்கலாம்.

நாம் நாக்கை மடித்துச் சொல்லும் ட இவை எதிலும் சேராது. ஆங்கில ட் ஈறில் பிறக்கிறது. யாழ்ப்பாணத்தார் ‘சொக்லேற்’, ‘ரொறன்ரோ’ என்று ற போட்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வாயில் அந்த ற் பிறக்கும் இடமும் ஈறுதான். ஆங்கில ட் பழக நினைப்பவர்கள் ஒரு யாழ்ப்பாணத் தோழரிடம் ‘காற்று’ சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

‘திக்’ என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடுவோம். நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விடுவது பொதுவான முறை. அயர்லாந்தில் பலர் காற்றை விடாமல் நம் த மாதிரியே சொல்வார்கள். லண்டனில் சிலரிடம் அது ‘ஃபிக்’ ஆகிவிடும்.

படி 7: சிக்ஸ், ரெட், பேக்ஸ்

என்னை மாட்டிவைத்த இடம் இது. நியூசிலாந்துப் பதிவை ஓடவிட்டு இந்த மூன்று சொற்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ‘பேக்ஸ்’ என்பது ‘பெக்ஸ்’ ஆகியிருக்கும். ‘ரெட்’ என்பது ‘ரிட்’ ஆகியிருக்கும். ‘சிக்ஸ்’ என்பது ‘சக்ஸ்’ போலக் கேட்கும். பஸ்ஸில் ஒருவர் தள்ளி உட்கார, அடுத்தவரும் தள்ள, அதற்கடுத்தவர் இருக்கை மாறுவது போல ஒவ்வொரு ஒலியும் பக்கத்து ஒலியின் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. ‘டென்’ ‘டின்’ ஆனது இந்த வரிசையில்தான். இதைப் புரிந்துகொண்ட அன்று அந்தக் கடைக்காரருக்கு மனதுக்குள் ஒரு மன்னிப்புச் சொன்னேன்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ‘பென்’ ‘பின்’ என்று கேட்கும், ஆனால் காரணம் வேறு. அங்கே ன், ம் ஒலிகளுக்கு முன்னால் எ, இ இரண்டும் ஒன்றாகிவிட்டன. குழப்பம் வராமல் இருக்கப் பேனாவை ‘இங்க் பென்’ என்றே சிலர் சொல்கிறார்கள். ‘ரெட்’ அங்கே ‘ரிட்’ ஆகாது. இரண்டு ஊரையும் பிரிக்க அந்தச் சொல்லைக் கேட்டால் போதும்.

ஆஸ்திரேலியரைக் கண்டுபிடிக்க ‘டிரெய்ன்’ என்ற சொல்லைக் கேளுங்கள். அது ‘டிரைன்’ என்று கேட்கும்.

படி 8: கூட்டத்தில் சேராத சொற்கள்

சில சொற்கள் தனியாக மாறும், இவற்றை மட்டும் அப்படியே நினைவில் வைக்க வேண்டியதுதான். பிரிட்டனில் பலருக்கு ‘ஷெட்யூல்’, அமெரிக்காவில் ‘ஸ்கெஜூல்’. மூலிகையை பிரிட்டனில் ‘ஹெர்ப்’ என்றால் அமெரிக்கர் ஹ-வை விட்டு ‘எர்ப்’ என்பார். நம் செய்தித்தாள்களின் ‘லெப்டினன்ட்’ பிரிட்டிஷ் உச்சரிப்பு, அமெரிக்காவில் ‘லூட்டெனன்ட்’. ‘இசட் பிளஸ் பாதுகாப்பு’ என்று நாம் எழுதும் கடைசி எழுத்து அமெரிக்காவில் ‘ஜீ’. ஆனால் ‘வைட்டமின்’ மட்டும் தமிழ்நாட்டில் அமெரிக்க முறையில் ஒலிக்கிறது. இங்கிலாந்தில் ‘விட்டமின்’, இலங்கைத் தமிழில் ‘விற்றமின்’.

படி 9: தெரியாத குரலை வைத்துப் பாருங்கள்

இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்து, ஊர்ப் பெயரை மறைத்து ஏதாவது ஒரு பதிவை ஓட்டச் சொல்லுங்கள். ர் இருக்கிறதா என்று முதலில். இருந்தால், ‘பாப்’ என்கிறாரா ‘பொப்’ என்கிறாரா. இல்லையென்றால் பிரதரில் அ-வா உ-வா, பிறகு ரெட்டா ரிட்டா. ஒரு பதிவு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். தினம் மூன்று பதிவு வீதம் கேட்டேன், மூன்றாவது வாரத்தில் காது தானாகப் பிரிக்கத் தொடங்கியது.

வேலைக்காகப் பழகுபவர்களுக்கு ஒன்று: எண்ணைக் காதை நம்பி எழுதாதீர்கள். யார் எந்த ஊரிலிருந்து ‘டென்’ சொன்னாலும் நான் இப்போது ‘ஒன் ஜீரோ, சரிதானே?’ என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கடைசியாக, ஸ்பீச் அக்சென்ட் ஆர்க்கைவ் தளத்தில் தாய்மொழி தமிழ் என்று தேடுங்கள். நம்மவர்களும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நோட்டில் இன்னொரு நெடுவரிசை போட்டு அதையும் எழுதுங்கள்: ‘ஸ்டோர்’ முடிவில் வரும் ர், ‘ஆஸ்க்’கின் நீட்டம், ‘திக்’கில் வரும் நம் த.