மின்சாரத்தை யாரிடம் வாங்குவது? போட்டிச் சந்தையில் தொழில் நடத்துபவர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

போட்டிக்குத் திறந்துவிடப்பட்ட மின்சந்தையில் மின்சாரத்தை விற்பவர் ஒருவர், கம்பி வழியே கொண்டுவந்து சேர்ப்பவர் இன்னொருவர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பெரும்பாலான பகுதிகளில் 2002 ஜனவரியிலிருந்து இந்த முறைதான். விற்பவரை மாற்றினாலும் கம்பியும் மீட்டரும் அப்படியேதான் இருக்கும். மின்தடை வந்தால் ஓடிவருவதும் அதே பகிர்மான நிறுவனத்து ஆட்களே. ஆகவே மலிவான விற்பனையாளரிடம் போனால் அடிக்கடி இருட்டாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

படி 1: பில்லைப் பிரித்துப் பாருங்கள். மின்சாரத்தின் விலை ஒரு பக்கம், கம்பிக் கட்டணம் மறுபக்கம். கம்பிக் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. அதில் பேரம் செல்லாது. மின்சாரத்தின் விலையில்தான் உங்கள் சாமர்த்தியம்.

படி 2: உங்கள் பயன்பாட்டின் வடிவத்தைக் கண்டுபிடியுங்கள். பலரும் தாண்டிப்போகும் படி இது; என்னைக் கேட்டால் பாதி வேலையே இதுதான். 30 நாளில் 36,000 யூனிட் செலவாகிறது, உச்சத் தேவை (ஒரே நேரத்தில் நீங்கள் இழுக்கும் மின்சாரத்தின் அதிகபட்சம்) 100 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் முழுவதும் அந்த உச்சத்திலேயே ஓடியிருந்தால் 72,000 யூனிட் ஆகியிருக்கும். அதில் பாதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். இந்த 50 சதவீதமே உங்கள் லோடு ஃபாக்டர். அது உயர உயர, விற்பனையாளர் இறங்கி வருவார். பல இடங்களில் மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. ஒரு காலையில் உலையையும் குளிரூட்டியையும் சேர்த்து முடுக்கிவிட்டால், அந்தக் கால் மணி நேரம் மாதம் முழுவதற்குமான உச்சமாகப் பதிவாகிவிடலாம். எனவே கடந்த 12 மாத மீட்டர் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: விலை முறையைத் தேர்ந்தெடுங்கள். நிலையான விலையில் நிம்மதி உண்டு. அந்த நிம்மதிக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறீர்கள். மொத்தச் சந்தை (விற்பனையாளர்கள் மின்சாரத்தை மொத்தமாக வாங்கும் இடம்) விலையோடு இணைந்த ஒப்பந்தம் சாதாரண நாட்களில் மலிவாக இருக்கக்கூடும். ஆனால் 2021 பிப்ரவரி பனிப்புயலின்போது டெக்சாஸில் மொத்தச் சந்தை விலை ஒரு மெகாவாட்-மணிக்கு (1,000 யூனிட்டுக்கு) 9,000 டாலரைத் தொட்டது. அதாவது யூனிட்டுக்கு 9 டாலர். அப்படி ஒரு வாரத்தைத் தாங்க முடியாத தொழில் என்றால், பெரும்பகுதியை நிலையான விலையில் பூட்டிவிட்டு மிச்சத்தைச் சந்தையோடு விடலாம்.

படி 4: ஒரே நாளில் விலை கேளுங்கள். மொத்தச் சந்தை நாள்தோறும் நகர்கிறது. திங்கட்கிழமை வந்த விலையையும் வெள்ளிக்கிழமை வந்த விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண். ஒப்பந்தக் காலமும் நிபந்தனைகளும் ஒன்றாக இருக்கட்டும். தரகர் மூலம் போனால், அவருடைய கமிஷன் யூனிட் விலைக்குள் ஒளிந்திருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்.

படி 5: பொடி எழுத்தைப் படியுங்கள். ‘நிலையான விலை’ என்று தலைப்பில் இருக்கும். உள்ளே, மின்கடத்தல் கட்டணம் உயர்ந்தால் அது உங்கள் தலையில் என்று ஒரு வரி இருக்கலாம். ஒப்புக்கொண்ட அளவை விட்டுப் பயன்பாடு கூடினாலோ குறைந்தாலோ, அந்த வித்தியாசத்துக்குச் சந்தை விலை என்றும் இருக்கலாம். இடையில் விலகினால் என்ன அபராதம் என்பதையும் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் பேசாமல் இருந்தால், மாறும் விலைக்குத் தானாகவே தள்ளிவிடக்கூடும். அது பெரும்பாலும் கசக்கும். விலகுவதாகத் தெரிவிக்க வேண்டிய கடைசித் தேதியைக் கையெழுத்திடும் அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.