பிட்லாக்கர் 48 இலக்கம் கேட்டால் செய்யக்கூடாதவை

மடிக்கணினியைத் திறந்தால் வழக்கமான திரைக்குப் பதில் நீலத்திரை வந்து, விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கருக்கு உரிய ரெக்கவரி கீயை, அதாவது மீட்புச் சாவியைக் கேட்கிறது. பூட்டே போடாத வட்டுக்கு ஏது சாவி என்று பலர் திகைத்துப்போவது இங்கேதான். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் தனியாகக் கேட்காமலே வட்டு குறியாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். திரையைக் கண்டதும் வரும் பதற்றத்தில் செய்கிற காரியங்களால்தான் பல வீடுகளில் கோப்புகள் கைவிட்டுப் போகின்றன.

முதல் தவறு, தெரிந்த கடவுச்சொற்களை எல்லாம் அடித்துப் பார்ப்பது. விண்டோஸில் நுழையும் பின் (PIN) எண், மின்னஞ்சல் கடவுச்சொல் எதுவும் இங்கே செல்லாது. கேட்பது 6 இலக்கம் கொண்ட 8 தொகுதிகள், மொத்தம் 48 இலக்கம்.

பயாஸில் கை வைப்பது

வட்டின் சாவியை டிபிஎம் என்ற சில்லு காத்து வைத்திருக்கிறது. கணினி கிளம்பும்போது பயாஸ் (கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் அமைப்பு) நிலை போன்றவற்றை அளந்து, முன்பு இருந்தபடியே இருந்தால் மட்டும் சாவியைக் கொடுக்கும். பயாஸ் புதுப்பிக்கப்பட்டாலோ, யாராவது செக்யூர் பூட்டை அணைத்தாலோ அளவு மாறிவிடும். சில்லு சாவியைத் தராது. அப்படி ஒரு மாற்றம் செய்தது நினைவிருந்தால், அதைப் பழையபடி மாற்றிவிட்டு மறுபடி இயக்குங்கள். பல நேரம் கணினி எதுவும் கேட்காமல் திறந்துகொள்ளும்.

இந்த வழியை அடியோடு அடைத்துவிடும் செயல் ஒன்று உண்டு. பயாஸ் மெனுவில் 'கிளியர் டிபிஎம்' என்று இருப்பதைப் பார்த்து, பிழை சரியாகிவிடும் என்று நம்பி அழுத்துவதுதான் அது. சில்லில் இருந்த சாவி அதோடு போயிற்று. பிறகு எந்த அமைப்பை எப்படித் திருப்பி வைத்தாலும் 48 இலக்கம் இல்லாமல் வட்டு திறக்காது. வட்டான எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் அங்கேயும் அதே கேள்விதான் வரும். மதர்போர்டை மாற்றினாலும் நிலைமை இதுவே.

தவறான கணக்கில் தேடுவது

நீலத்திரையில் 'கீ ஐடி' என்று ஓர் எழுத்து வரிசை தெரியும். அதன் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் ரெக்கவரி கீ பட்டியலைப் பாருங்கள். பழைய கணினிகளின் சாவிகளும் அங்கே கிடக்கலாம். 8 எழுத்தும் பொருந்துகிற சாவிதான் உங்களுக்கு வேண்டியது.

பட்டியல் காலியாக இருந்தால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். கணினியை முதலில் அமைத்தவர் எந்தக் கணக்கில் நுழைந்தாரோ, சாவி அந்தக் கணக்குக்குத்தான் போயிருக்கும். அது மகனுடையதாக இருக்கலாம், விற்ற கடைக்காரர் உங்களுக்காக உருவாக்கித் தந்த மின்னஞ்சலாகவும் இருக்கலாம். கல்லூரி அல்லது அலுவலகக் கணக்கை இணைத்திருந்தால் அங்குள்ள கணினி நிர்வாகியைக் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் உதவி மையத்திடம் சாவியின் நகல் கிடையாது. அவர்களால் புதிதாக உருவாக்கித் தரவும் முடியாது.

மங்கிய இலக்கத்தை ஊகிப்பது

அச்சிட்டு வைத்த தாள் கிடைத்தும் ஓர் எண் 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் போவதுண்டு. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு 6 இலக்கத் தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 720885-ஐத் தாண்டவும் தாண்டாது. தாளில் 253?08 என்று இருந்தால், 253308-ஐ 11-ஆல் வகுத்தால் 23028, மீதி இல்லை. 253808-ஐ வகுத்தால் மீதி வரும். ஆக, மங்கிய எண் 3. ஒரு தொகுதி முழுவதும் கிழிந்துபோயிருந்தாலும் 65,536 சாத்தியங்கள்தான். மற்ற ஏழும் கையில் இருந்தால் கணினி நிரல் எழுதத் தெரிந்த ஒருவரால் அதைத் தேடி எடுத்துவிட முடியும். அரைகுறைத் தாள் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பென்டிரைவுக்கு நீங்களே வைத்த பிட்லாக்கர் கடவுச்சொல் மறந்துபோனால் கதை வேறு. ஒரு கடவுச்சொல்லைச் சரிபார்க்கவே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் ஹாஷ் என்ற கணக்கைச் செய்ய வேண்டும். கண்மூடித்தனமாகத் தேடி ஆகாது. நீங்கள் வழக்கமாக வைக்கும் சொல், ஆண்டு, குறியீடு ஆகியவற்றைச் சேர்த்து சில நூறு வடிவங்கள் எழுதி ஹேஷ்கேட் போன்ற, கடவுச்சொற்களைச் சோதித்துப் பார்க்கும் கருவியில் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு முன் டிரைவை அப்படியே ஒரு பிம்பமாக நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள்.

'ரிமூவ் எவ்ரிதிங்'

சாவி கேட்கும் திரையிலிருந்து, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவும் ரீசெட் வரை போக வழி இருக்கிறது. அது கணினியை மீட்கும், கோப்புகளை மீட்காது. தேடல் முழுவதும் முடியும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். சாவி இல்லாமலே திறந்து தருகிறோம் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். முழுச் சாவி 128 பிட். அதை ஊகித்துத் திறக்க யாராலும் ஆகாது.

கணினி இப்போது திறந்திருக்கிறது, சாவி எங்கே என்று தெரியவில்லை என்றால், அணைக்காமல் இன்றே எடுத்துவிடுங்கள். தொடக்க மெனுவில் பிட்லாக்கர் என்று தேடி, 'பேக் அப் யுவர் ரெக்கவரி கீ' வழியாக அச்சிட்டு, கீ ஐடியோடு வீட்டு ஆவணங்கள் வைக்கும் ஃபைலில் வையுங்கள். அந்த மடிக்கணினிப் பைக்குள் மட்டும் வைக்க வேண்டாம். பயாஸ் புதுப்பிப்பதற்கு முன், அதே இடத்தில் உள்ள 'சஸ்பெண்ட் புரொடெக்‌ஷன்' அழுத்தினால் அடுத்த முறை நீலத்திரை வராது.