தண்ணீர் தேங்கிய பையும் வாடிய தக்காளியும்

நாகர்கோவிலில் எங்கள் மொட்டை மாடியில் ஆறு குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை) தக்காளி வைத்திருந்தேன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. ஒரு வாரத்தில் இலைகள் தொங்கிவிட்டன. மழை விட்ட நாளில் வாட்டத்தைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். அதுதான் முட்டாள்தனம். ஒரு செடியைப் பிடுங்கினால், தண்ணீர் தேங்கி அழுகிய வேர் பழுப்பாக, வழவழவென்று, சாக்கடை வாடையோடு வந்தது.

பையில் துளைகள் இருந்தன. ஆனால் தரையோடு ஒட்டி உட்கார்ந்ததில் அவை அடைபட்டுவிட்டன. அடியில் போட்ட செங்கல் ஜல்லியும் உதவவில்லை. மண்ணில் இருக்கும் தண்ணீர் ஜல்லிக்குள் எளிதில் இறங்காது, அதற்கு மேலேயே நிற்கும்.

சரி என்று ஜல்லியைக் கொட்டிவிட்டு, பக்கவாட்டில் அடியை ஒட்டிச் சூட்டுக் கம்பியால் எட்டுத் துளை போட்டேன். பைகளைச் செங்கல் மேல் ஏற்றினேன். வெறும் செம்மண்ணுக்குப் பதில் செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய சாணம் மூன்றும் சம அளவு. நம்மூரில் நார்க்கழிவுக்கா பஞ்சம்! உப்பு போக இரண்டு மூன்று தடவை அலச வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு செம்பு ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் துளை வழியே சொட்டத் தொடங்கியது. இரண்டு செடி போனது போனதுதான். மற்ற நான்கும் துளிர்த்து, ஆவணியில் காய் பிடித்தன.